பரிசோதிப்பவர் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் மருத்துவம் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது பேரேடு. அந்தக் கோணத்திலேயே இதைச் சொல்கிறேன்.

வங்கியில் ஒருவர் எழுதிய பதிவை இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கு உதைத்தால், யார் எழுதினார், யார் பார்த்தார் என்பது தெரிந்துவிடும். உங்கள் பணத்துக்கு இருக்கும் இந்தக் காவல் உங்கள் உடம்புக்கு இருக்கிறதா?

டாக்டருக்குப் பதிவு எண் உண்டு. நர்ஸுகளுக்கு 1947-லும், மருந்தாளுநர்களுக்கு 1948-லும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் டாக்டர் எதை வைத்து முடிவெடுக்கிறார்? லேப் ரிப்போர்ட், எக்ஸ்ரே, ஸ்கேன் இவற்றை வைத்துத்தானே? இவற்றைச் செய்து தருபவர்களுக்கு நாடு முழுவதற்கும் பொதுவான பதிவுச் சட்டம் 2021 வரை இல்லை.

இதனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன். ரத்தம் எடுக்கும்போதோ, குழாயில் விடும்போதோ முரட்டுத்தனமாகக் கையாண்டால் சிவப்பணுக்கள் உடையும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து, உடம்பில் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி மருந்தை மாற்றினால் பாதிப்பு நோயாளிக்கு. அடுத்தது டயாலிசிஸ். நான்கு மணி நேரச் சிகிச்சையில் சுமார் 120 லிட்டர் தண்ணீர் மெல்லிய சவ்வுக்கு அப்பால் நோயாளியின் ரத்தத்தைத் தொட்டபடி ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் குளோரின் தங்கிவிட்டால் ரத்த அணுக்கள் அழியும். அதைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

2021 மார்ச்சில் நாடாளுமன்றம் இதற்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. லேப், கதிரியக்கம், டயாலிசிஸ், பிசியோதெரபி உட்பட 50-க்கும் மேற்பட்ட தொழில்கள் இதில் அடங்கும். டிப்ளமோ நிலைக்கே குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். மாநிலந்தோறும் ஒரு கவுன்சில், ஒரு பதிவேடு. ஒழுங்கு தவறினால் பெயரை நீக்கலாம். பதிவு இல்லாமலே பதிவு இருப்பதாகச் சொல்லிக்கொண்டால் தண்டனை உண்டு. ஆனால் சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தலையிட்டு, மத்திய, மாநில அரசுகள் இதை விரைந்து நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட வேண்டியதாயிற்று.

நம் புதுச்சேரிக்கு இதில் தனி அக்கறை வேண்டும். 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதன் வழிவந்ததுதான் ஜிப்மர். இன்று ஜிப்மரிலும், அன்னை தெரசா பட்ட மேற்படிப்பு மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலும் நம் வீட்டுப் பிள்ளைகள் வருடக்கணக்கில் இந்தப் படிப்புகளைப் படிக்கிறார்கள். நாலு மாதம் கூடவே நின்று பார்த்துக் கற்றுக்கொண்டவரும் அவர்களும் ஒன்றா? பதிவேடு இல்லாவிட்டால் இந்த வேறுபாடு உங்களுக்கும் எனக்கும் தெரிய வழியில்லை.

பதிவு இருந்தால் தவறே நடக்காது என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து இருந்தும் வங்கியில் தவறு நடந்ததுண்டு. ஆனால் கேட்பதற்கு ஓர் ஆள், கேட்பதற்கு ஓர் இடம் இருந்தது. நோயாளிக்கும் அது வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுப்பவரிடம், "தம்பி, எங்கே படிச்சீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் பெருமையாகவே சொல்வார். குழாயில் உங்கள் பெயரும் வயதும் உங்கள் கண் முன்னாலேயே எழுதப்படுகிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து, என்ன தகுதி என்று படியுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இனி நம் தெருவில் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்த யார் வந்தாலும், பரிசோதிப்பவர்களின் பெயரையும் தகுதியையும் எழுத்தில் வாங்கிய பிறகே ஹாலைக் கொடுப்பது என்று தீர்மானம் போடுவோம். இலவசம் என்பதற்காகக் கையை நீட்டிவிட வேண்டாம்.