அறம் யார் போட்ட விதி?



"பத்து நிமிஷம் பேசுப்பா, கான்கிரீட்டைப் பத்தி மட்டும் வேண்டாம்" என்றார் செயலாளர். அதனால் அறத்தைப் பற்றிப் பேசுகிறேன். நடுவில் கான்கிரீட் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லது, கெட்டது என்பதெல்லாம் மனித மனசு போட்ட விதிகளா? இல்லை, யார் என்ன நினைத்தாலும் மாறாத உண்மைகளா? பிளேட்டோவின் 'யூத்திஃப்ரோ' உரையாடலில் சாக்ரட்டீஸ் இதை வேறு மாதிரி கேட்கிறார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒன்று புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் விரும்புகின்றனவா?

சிவில்காரனான எனக்கு நிலநடுக்க விதிப்புத்தகமான ஐ.எஸ். 1893 ஞாபகம் வருகிறது. 2001 ஜனவரியில் பூஜ் பூகம்பம். 2002-ல் புத்தகத்தைத் திருத்தினார்கள். அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை, மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. சென்னையின் மண் என்னவோ அதே மண்தான். மண்டல எண் நாம் போட்டது. நிலம் நாம் போட்டதல்ல. அதனால்தான் அதைத் 'திருத்தம்' என்கிறோம். இல்லாவிட்டால் அது வெறும் மாற்றம்.

அறமும் அப்படித்தான். அடிமை மீது உரிமை கோரினால் கோர்ட் ஏற்கக்கூடாது என்று கம்பெனி ஆட்சி சட்டம் போட்டது 1843-ல். அப்படியானால் 1842-ல் மனுஷனை விற்றது சரியா? விலைபோனவனின் வலி இரண்டு வருஷமும் ஒன்றுதான். சட்டம் பிந்தி வந்தது. தப்பு முந்தியே இருந்தது.

"மனசே இல்லாத உலகத்துல ஏதுடா பாவம்?" என்று விடுதி மொட்டைமாடியில் நண்பன் கேட்பான். நியாயமான கேள்வி. கல்லை உடைத்தால் கல்லுக்கு நோகாது. ஆகவே மனம் வேண்டும்தான். ஆனால் எந்த மனம்? நோகிற மனம் வேண்டும். தீர்ப்புச் சொல்கிற மனம் வேண்டியதில்லை. நோகக்கூடிய உயிர் இருக்கிற எந்த உலகத்திலும், அதை வேடிக்கைக்காக வதைப்பது தப்பு. 7 பகா எண் என்பதற்கு ஓட்டெடுப்பு தேவையில்லை. இதற்கும் தேவையில்லை.

இது வெறும் தர்க்கமில்லை. ஒரு வேலையிடத்தில், தளத்துக்குப் போட்ட கான்கிரீட் ஒன்று, சோதனைக்கு வார்த்த கியூப் வேறொன்று. 28-ஆம் நாள் ரிப்போர்ட் அழகாக வந்தது. கையெழுத்துப் போட மறுத்தேன். "எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார், நீங்க என்ன புதுசா?" என்றார்கள். எல்லோரும் செய்வதுதான் சரி என்றால், அதற்கு எனக்குப் பதில் இல்லை. ஆனால் அந்தத் தளத்துக்குக் கீழே நாளைக்குத் தூங்கப்போகிற குழந்தைக்கு, நம் வழக்கம் ஒரு கம்பியைக்கூடக் கூட்டித் தராது.

இளைய இன்ஜினீயர்களுக்கு ஒரு வார்த்தை. விதிப்புத்தகத்தை மதியுங்கள், அதில் பலருடைய அனுபவம் இருக்கிறது. ஆனால் "புத்தகத்துல இல்லை, அதனால தப்பில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த பதிப்பில் அது வரலாம். அதில் குடியிருப்பவர் அதுவரை காத்திருக்க முடியாது.

சாப்பாடு தயார் என்று கை காட்டுகிறார்கள்.