சிறுநீர்ப்பையின் அவசரம் எங்கிருந்து வருகிறது?

திடீரென்று சிறுநீர் முட்டுவதும், கழிப்பறை போய்ச் சேர்வதற்குள் சில சொட்டுகள் கசிந்துவிடுவதும் பலருக்கு உள்ள தொல்லை; வெளியே சொல்லத்தான் கூச்சம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், பையின் தசை கட்டுப்பாடின்றிச் சுருங்குகிறது என்பது. அது பொய்யல்ல. முதுகுத்தண்டின் அடிப்பகுதியிலிருந்து வரும் நரம்புகள் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்க, அது தசையின் ஏற்பிகளில் பட்டதும் பை சுருங்குகிறது. இதைத் தடுக்கும் மாத்திரைகளைத்தான் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவருகிறார்கள். ஆனால் தசை பெரும்பாலும் ஏவியதைச் செய்கிற வேலையாள்தான். அவசரத்தின் வேரை, பை நிறைவதை உணர்ந்து சொல்லும் உட்படலத்திலும் உணர்வு நரம்புகளிலும் தேட வேண்டும் என்பது என் வாதம்.

அந்த மாத்திரைகளே இதற்கு முதல் சாட்சி. பை நிரம்பிக்கொண்டிருக்கும் வேளையில், அதைச் சுருக்கும் நரம்புகள் ஏறக்குறைய ஓய்ந்தே இருக்கின்றன. ஓய்ந்திருக்கும் நரம்பின் சேதியை மாத்திரை எப்படித் தடுக்கும்? போதாக்குறைக்கு, வழக்கமான அளவில் அது அவசர உணர்வைக் குறைக்கிறதே தவிர, சிறுநீரை வெளித்தள்ளும் வலுவை அவ்வளவாகக் குறைப்பதில்லை. நீர் புகாத வெறும் பூச்சு என்று கருதப்பட்ட உட்படலமும் அசிட்டைல்கோலினைக் கசியவிடுகிறது என்று தெரிந்த பிறகு இந்தப் புதிர் ஓரளவு அவிழ்ந்தது. உட்படலம் வெளியிடுவது அதை மட்டுமல்ல. 1997இல் முயலின் சிறுநீர்ப்பையை ஆராய்ந்தவர்கள், படலம் இழுபடும்போது அது ஏடிபி என்ற மூலக்கூறை வெளியிடுவதைக் கண்டார்கள். உயிரணுக்களுக்கு ஆற்றல் தருவதாகப் பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதே ஏடிபிதான். அது நரம்புச் சேதியும் சுமக்கும் என்று ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1972இல் எழுதியபோது நம்பியவர்கள் குறைவு. 2000ஆம் ஆண்டில், ஏடிபியை உணரும் பி2எக்ஸ்3 என்ற ஏற்பி இல்லாத எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் பை கூடுதலாக நிரம்பியது. சிறுநீர் கழிப்பதும் குறைந்தது.

எலிக்குப் பொருந்துவது மனிதனுக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஏற்பிக்கு ஏற்பி அப்படியே பொருந்தும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் 2020இல் வந்த ஓர் ஆய்வு மனிதர்களிடமே நடந்தது. இழுவிசையை உணரும் பீசோ2 என்ற புரதம் பிறவியிலேயே செயல்படாத சிலருக்குப் பை நிறைவது சரியாகத் தெரிவதில்லை. கடிகாரத்தைப் பார்த்து, நேரம் வகுத்துக்கொண்டு சிறுநீர் கழிப்பவர்களும் அவர்களில் உண்டு. பீசோ புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பகிர்ந்துகொண்ட டேவிட் ஜூலியஸ், மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டவர். அந்த ஏற்பி சிறுநீர்ப்பை நரம்புகளிலும் உண்டு. தண்டுவட நோயாளிகள் சிலருக்கு மிளகாயின் காரப்பொருளைப் பைக்குள் செலுத்தி, மிகையாகத் தூண்டப்பட்ட நரம்புகளை மரத்துப்போகச் செய்து பலன் கண்டிருக்கிறார்கள். (சமையலறை மிளகாயைக் கொண்டு இதை யாரும் வீட்டில் முயல வேண்டாம்.)

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உடலிலிருந்து பிரித்தெடுத்த தசைத்துண்டு, நரம்பின் ஏவல் இல்லாமலே தானாகத் துடிக்கிறது. நோயுற்ற பையில் அந்தத் துடிப்பு மிகுகிறது. ஆகவே கோளாறு தசையில்தான் என்பார்கள். தசைக்கும் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனாலும், அச்சிறு துடிப்புகள் பையின் சுவரை இழுக்கும்போது உணர்வு நரம்புகளும் தூண்டப்படுகின்றன. துடிப்பு அவசரமாக உணரப்படுவது அந்த வழியில்தான்.

மாத்திரைக்கு அடங்காதவர்களுக்குப் பையின் சுவரில் போட்டுலினம் நச்சை ஊசியாகப் போடுகிறார்கள். நரம்பு அசிட்டைல்கோலினை வெளியிடுவதை அது தடுக்கிறது, தசை தளர்கிறது. கதை அத்துடன் முடிந்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு திசுவைச் சோதித்தபோது, உட்படலத்தின் அடியிலுள்ள நரம்புகளில் பி2எக்ஸ்3 ஏற்பிகளும் குறைந்திருந்தன. நோயாளிகளின் அவசர உணர்வு தணிந்தது அந்தக் குறைவோடு ஒத்துப்போயிற்று. பையின் கொள்ளளவு கூடியதோடு அப்படி ஒத்துப்போகவில்லை. கழிப்பறைக்குப் போகும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டிப் பழகும் பயிற்சியை, மாத்திரைக்கு முன்பே மருத்துவர்கள் பரிந்துரைப்பது இங்கே பொருள்படுகிறது. அந்தப் பயிற்சி எந்தத் தசைக்கும் மருந்து தருவதில்லை. ஆனாலும் பலருக்கு அவசரம் குறைகிறது.