நம்பிக்கையின் நிலைக்களம்



தேர்வுக்கு முந்திய இரவு. கிறிஸ்தவ மாணவன் ஒருவன் முழந்தாளிட்டு வேண்டுகின்றான். சென்ற ஆண்டுத் திருநாள் வழிபாட்டில் கண்ணீர் மல்க நின்றவன் அவன். கடவுள் தன் அருகிலேயே இருப்பதாக அன்று உணர்ந்தான். இன்று அவ்வுணர்ச்சி இல்லை. வாய் சொற்களைச் சொல்லுகின்றது. உள்ளமோ கோடைக்காலத்து ஏரிபோல் வறண்டு கிடக்கின்றது. “கடவுள் என்னைக் கைவிட்டாரோ? என் நம்பிக்கையே பொய்தானோ?” என்று அவன் கலங்குகின்றான்.

இக்கலக்கம் அவன் ஒருவனுக்கே உரியதன்று. சமய வாழ்வில் முதிர்ந்த பெரியோரும் இதனை அறிந்திருக்கின்றனர். கிறிஸ்தவ நம்பிக்கை எதன்மேல் நிற்கின்றது? நம் உள்ளத்தில் எழுந்து அடங்கும் உணர்ச்சியின் மேலா? அல்லது கடவுள் நம்மேல் வைத்த அன்பின் மேலா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலும் எழுத்தாலும் விடை தந்தவர் ஒருவரைப் பற்றி இன்று எண்ணிப் பார்ப்போம். அவர் ஜான் பன்யன்.

பன்யன் 1628ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பெட்போர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பழுதுபட்ட பாத்திரங்களைச் செப்பனிடுவது தந்தையின் தொழில். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் தம் உள்ளத்தைக் கூர்ந்து நோக்கும் ஆற்றல் அவரிடம் மிகுதியாக இருந்தது. 1666ஆம் ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில், அவ்வுள்ளம் பட்ட பாட்டை அவர் ஒளிக்காமல் எழுதியுள்ளார்.

ஒரு நாள் இன்பத்தால் துள்ளுவார். மறுநாள் தம்மைப் போன்ற பாவி உலகிலேயே இல்லை என்று ஏங்குவார். ஒரு வேதவசனம் அவரைத் தேற்றும். மற்றொரு வசனம் இடிபோல் அவர்மேல் விழும். தம் பிறப்புரிமையை ஒரு வேளை உணவுக்கு விற்ற ஏசாவைப் போலத் தாமும் கிறிஸ்துவை விற்றுவிட்டதாக எண்ணி அவர் நெடுங்காலம் துன்புற்றார். ஒவ்வொரு நாளும் தம் உள்ளத்தையே தோண்டிப் பார்த்தார்; அங்கே உறுதியான நிலம் அவருக்குக் கிடைக்கவில்லை.

பின்பு ஒரு நாள் வயல்வெளியில் நடந்து செல்லும்போது அவருக்குத் தெளிவு பிறந்தது. கடவுளின் முன் தம்மை நிறுத்தும் நீதி தம் உள்ளத்தில் இல்லை. அது விண்ணில் உள்ள கிறிஸ்துவே என்று உணர்ந்தார். மனம் மலர்ந்திருக்கும் நாளில் அந்நீதி கூடுவதில்லை. மனம் வாடியிருக்கும் நாளில் அது குறைவதும் இல்லை. பூட்டியிருந்த தளைகள் தம் கால்களிலிருந்து கழன்றதாக அவருக்குத் தோன்றியது.

தமிழ் இலக்கணம் பயிலும் உங்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். “கடவுள் என்னை நேசிக்கின்றார்” என்னும் தொடரில் எழுவாய் எது? கடவுள். “என்னை” என்பது செயப்படுபொருள். நம் உணர்ச்சியையே நம்பும்போது நாம் அறியாமலே இத்தொடரைத் திருப்பிவிடுகின்றோம், “நான் கடவுளை எவ்வளவு நேசிக்கின்றேன்?” என்று அளக்கத் தொடங்குகின்றோம். காய்ச்சலில் பிதற்றும் குழந்தை தாயை அறியாமல் அவள் கையைத் தட்டிவிடுகின்றது. அதனால் தாயின் அன்பு குறைந்ததா? குழந்தையின் உயிரைக் காப்பது அதன் அறிவன்று. விழித்திருக்கும் தாயின் கையே.

இத்தெளிவு வெறும் சொல்லளவில் நின்றதா? 1660ஆம் ஆண்டில், அரசாங்கத் திருச்சபையின் ஒழுங்குக்குப் புறம்பாகப் பிரசங்கம் செய்தமைக்காகப் பன்யன் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கம் செய்வதில்லை என்று உறுதி கூறியிருந்தால் விடுதலை பெற்றிருக்கலாம். அவர் கூறவில்லை. வெளியே மனைவியும் மக்களும் வறுமையில் வாடினர். மக்களுள் ஒருத்தி கண் பார்வையற்ற சிறுமி. அவளை நினைக்குந்தோறும் தந்தையின் நெஞ்சு துடித்தது. சிறையில் நாடாக்கள் செய்து குடும்பத்துக்கு உதவினார். ஏறத்தாழ 12 ஆண்டுகள் கழிந்தன. அக்காலமெல்லாம் அவர் உள்ளம் களிப்பில் மிதக்கவில்லை. அச்சமும் துயரமும் அவரை வருத்தவே செய்தன. எனினும் அவர் நிலைபெயரவில்லை.

1678ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘மோட்ச பிரயாணம்’ உலகப் புகழ் பெற்றது. அழிவின் நகரத்தை விட்டு விண்ணக நகரத்துக்குச் செல்லும் கிறிஸ்தியான் என்னும் பயணியின் கதை அது. அதில் வரும் மூன்று காட்சிகள் நம் பொருளுக்கு ஒளி தருவன.

முதலாவது, ஒரு வீட்டில் காணும் காட்சி. சுவரோரம் தீ எரிகின்றது. ஒருவன் ஓயாமல் அதன்மேல் நீரை ஊற்றுகின்றான். தீயோ மேலும் ஓங்குகின்றது. காரணம் என்ன? சுவரின் மறுபுறம் வேறொருவர் மறைவாக நின்று எண்ணெய் வார்த்துக்கொண்டே இருக்கின்றார். அவர் கிறிஸ்து. இப்புறம் நிற்போனுக்கு நீர் மட்டுமே தெரியும், எண்ணெய் தெரியாது. நம் உணர்ச்சி காண்பது சுவரின் இப்புறத்தை மட்டுமே.

இரண்டாவது, ஐயக் கோட்டை. கரடுமுரடான வழியை வெறுத்து, மெத்தென்ற புல்வெளியில் இறங்கிய கிறிஸ்தியானும் தோழனும் அவநம்பிக்கை என்னும் அரக்கனிடம் சிக்குகின்றனர். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் ஒளியுமின்றி இருட்டறையில் கிடக்கின்றனர். சனி நள்ளிரவில் இருவரும் வேண்டத் தொடங்குகின்றனர். பொழுது புலரும் வேளையில் கிறிஸ்தியானுக்குத் திடீரென ஒரு நினைவு வருகின்றது: தன் மார்பில் ஒரு திறவுகோல் இருக்கின்றதே! ‘வாக்குத்தத்தம்’ என்பது அதன் பெயர். அதனால் கதவுகள் திறக்கின்றன, கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் எளிதில் இளகவில்லை, அதுவும் திறந்தது. இங்கே ஒன்றைக் கருதுங்கள். அத்திறவுகோலை அவன் சிறையில் புதிதாகச் செய்யவில்லை. அடியுண்ட நாளிலும் அது அவன் மார்பில்தான் இருந்தது. நம்பிக்கை என்பது புதிய உணர்ச்சியை உண்டாக்கிக்கொள்வதன்று. முன்னரே பெற்றதை நினைவுகூர்வது.

மூன்றாவது, இறுதியில் வரும் ஆறு. இத்துணைத் தூரம் நடந்தவன் இனி அஞ்சமாட்டான் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் கிறிஸ்தியான் அங்கேயும் மூழ்குகின்றான்; இருள் அவனைச் சூழ்கின்றது. தோழன் அவன் தலையை நீருக்குமேல் தாங்கிப் பிடிக்கின்றான். தன் கால் ஆற்றின் அடித்தரையைத் தொடுவதாகவும் சொல்லித் தேற்றுகின்றான். உணர்ச்சி கடைசி அடியிலும் தவறலாம், அடித்தரை தவறுவதில்லை. தன்னால் உணர இயலாத நேரத்தில், உணர்ந்த தோழனின் சொல் ஒருவனைத் தாங்குகின்றது.

இக்கதையைத் தமிழ்க் காவியமாக்கியவர் திருநெல்வேலிச் சீமையில் தோன்றிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்ற அவர், 1894இல் ‘இரட்சணிய யாத்திரிக’த்தை வெளியிட்டார். மூலக் கதையோடு அமையாமல், கிறிஸ்துவின் பாடுகளையும் அவர் விரிவாகப் பாடிச் சேர்த்தார். இது பொருத்தமே. பயணியின் உள்ளம் ஏறி இறங்கும். சிலுவையில் வெளிப்பட்ட அன்போ நடந்து முடிந்த நிகழ்ச்சி. கிறிஸ்தவன் அதனையே சான்றாகக் கொள்ளுகின்றான்.

அப்படியானால் உணர்ச்சி வேண்டாத பொருளா? அன்று. பக்தியில் கண்ணீரும் களிப்பும் அருமையான கொடைகள். ஆனால் பூக்கும் காலமும் பூவாத காலமும் மரத்துக்கு உண்டு; பூ இல்லை என்று வேரை வெட்டுவார் இல்லை. 1997இல் மறைந்த அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தன. பல்லாண்டுகள் கடவுளின் அண்மையை உணராத இருளில் அவர் வாழ்ந்தார் என்பதை உலகம் அவற்றால் பரவலாக அறிந்தது. அந்த ஆண்டுகளிலும் கல்கத்தா நகரில் சாகக் கிடந்தோரைத் தேடிச் சென்ற அவர் கைகள் ஓயவில்லை.

இனி, நாம் முதலில் கண்ட மாணவனிடம் திரும்புவோம். அவனுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: தம்பி, வேண்டுதலை நிறுத்திவிடாதே, வறண்ட சொற்களானாலும் சொல். உன் உள்ளத்தின் வெப்பத்தை மணிக்கொரு முறை அளந்து பார்க்காதே. உன் கலக்கத்தை ஒளிக்காமல் நல்ல நண்பன் ஒருவனிடமோ மூத்தவர் ஒருவரிடமோ சொல். ஆற்றில் உன் தலையைத் தாங்க ஒரு கை வேண்டும். நாளைக் காலையில் செய்ய வேண்டிய கடமையைச் செய். உன்னைவிடத் துன்புறுவோன் ஒருவனுக்கு உதவு. உன் உணர்ச்சி திரும்பி வரலாம். வரத் தாமதிக்கவும் கூடும். நீ கடவுளைப் பிடித்திருக்கும் பிடி தளர்ந்தாலும், அவர் உன்னைப் பிடித்திருக்கும் பிடி தளர்வதில்லை. அதை நம்பி, விளக்கை அணைத்துவிட்டு, அமைதியாக உறங்கு.