கொள்ளைநோயும் செய்தித்தாளும்



கல்விச் சங்கத்தாராகிய நாம் எழுத்தறிவிப்பதோடு நின்றுவிடலாகாது. செய்தித்தாளை ஆராய்ந்து படிக்கவும் கற்பித்தல் வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் அத்தேவை பன்மடங்காகிறது.

1918-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய விஷக் காய்ச்சலுக்கு ‘ஸ்பானிஷ் காய்ச்சல்’ என்னும் பெயர் எங்ஙனம் வந்தது? முதல் உலகப் போரில் ஈடுபட்டிருந்த நாடுகள், மக்கள் மனம் தளரலாகாதென்று நோய்ச் செய்தியைத் தணிக்கை செய்தன. போரில் சேராத ஸ்பெயினின் ஏடுகளோ தடையின்றி எழுதின. மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ நோயுற்றதும் அச்சேறியது. மறைத்தவர் தப்பினர், உண்மை சொன்னவர் மேல் பெயர் ஒட்டிக்கொண்டது. செய்யாத குற்றத்திற்குப் பெயர் சுமந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். புதிய நோய்களுக்கு ஊரின் பெயரையோ மக்களின் பெயரையோ இடலாகாதென உலக சுகாதார நிறுவனம் நெறிமுறை வகுத்தது 2015-ஆம் ஆண்டில்தான்.

1994 செப்டம்பரில், வெள்ளம் வடிந்த சூரத் நகரில் பிளேக் நோய் தோன்றியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டதாகச் செய்திகள் பரவின. அரசுக் கணக்கிலோ நாடு முழுவதிலும் இறந்தோர் அறுபதுக்கும் குறைவு. அச்சத்தால் பல லட்சம் பேர் நகரைவிட்டு ஓடினர். நெசவாலைகளிலும் வைரப் பட்டறைகளிலும் உழைத்த வெளியூர்த் தொழிலாளர் அவர்களுள் பலர். அச்சம் தணிந்ததும் பெருந்தலைப்புகளும் மறைந்தன.

1995-இல் மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ராவ் அந்நகரைத் தூய்மைப்படுத்திப் புகழ் பெற்றார். அப்புகழ் தகும். ஆயினும், நாள்தோறும் குப்பை வாரிய துப்புரவுத் தொழிலாளருள் ஒருவர் பெயரையேனும் நாம் அறிவோமா? அக்கைகள் பெரும்பாலும் எவருடையவை என்பதை இம்மன்றத்தில் விளக்க வேண்டுவதில்லை.

ஆதலால் செய்தித்தாளை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. செய்தி மறைக்கப்பட்ட இடத்தில் நோய் கேட்பாரின்றிப் பரவும். இளைஞர்களே, நோய்ச் செய்தியைப் படிக்கையில் வினவுங்கள்: இந்த எண்ணிக்கையைச் சொன்னவர் யார்? நேற்றைய எண்ணிக்கையோடு இது பொருந்துகிறதா? எந்தத் தெருவின் மீது பழி விழுகிறது? எவருடைய உழைப்பு விடுபட்டது?

வினவுவதோடு அமையாது எழுதவும் முன்வாருங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். பிறர் எழுதாததை நாமே எழுதவேண்டும் என்பதை அவர்கள் செய்து காட்டினர். அவ்வழி நடப்பதே இவ்வெள்ளி விழாவிற்கு நாம் செய்யும் சிறப்பாகும்.