வட்டின் பெயரை நம்பலாமா?



காலையில் பிரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். கிராணியார் பெயரைக் கேட்காமல், "முதல் ஆள், இரண்டாம் ஆள்" என்று நின்ற இடத்தைப் பார்த்துப் பேர் பதிந்தால் என்ன ஆகும்? இன்று முந்தி வந்தவர் நாளை பிந்தி வருவார். ஒருவர் கூலி இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும்.

கணினியிலும் இந்தக் குழப்பம் உண்டு. லினக்ஸ் என்னும் இயக்க முறைமை, தான் கண்டுகொள்ளும் வரிசைப்படி வட்டுகளுக்கு எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்று பெயரிடுகிறது. கணினியை அணைத்து மறுபடி முடுக்கினால் அந்த வரிசை மாறலாம்.

இதை அறியாமல் நாங்கள் ஒருமுறை தவறு செய்தோம். பள்ளிக் கணினியில் ஒரு வட்டு நிறையத் தோட்டத்துப் பழைய படங்கள் இருந்தன. காலி செய்வதற்காக வேறொரு பழைய வட்டையும் அதில் பொருத்தினோம். அதன் பெயர் எஸ்.டி.பி. என்று தாளில் குறித்துக்கொண்டு வீடு திரும்பினோம். மறுநாள் கணினியை முடுக்கியபோது பெயர்கள் இடம் மாறியிருந்தன. தாளை நம்பி எஸ்.டி.பி.யை அழித்தோம். போனவை படங்கள்! தங்கள் வீட்டில் படி வைத்திருந்த பெற்றோரின் தயவால் சில மட்டுமே மீண்டன.

இதற்கு வழி என்ன? நமக்கு அடையாள அட்டையில் 12 இலக்க எண் இருக்கிறதல்லவா? எந்த வரிசையில் நின்றாலும் அது மாறாது. அதுபோல், லினக்சுக்காக அமைத்த வட்டுப் பகுதிக்கும் 32 எண்ணெழுத்துகள் கொண்ட தனி அடையாளம் உண்டு. அதற்கு யு.யு.ஐ.டி. என்று பெயர். பி-எல்-கே-ஐ-டி என்னும் கட்டளை அதைக் காட்டும். எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று கணினிக்கு எழுதிவைக்கும்போது அந்த அடையாளத்தையே எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒரு வட்டை அப்படியே இன்னொன்றில் நகலெடுத்தால் அடையாளமும் சேர்ந்தே நகலாகிவிடும். அப்போது ஒன்றுக்குப் புது அடையாளம் கொடுத்த பிறகே இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்த வேண்டும்.

விண்டோசில் வட்டுகளுக்கு எழுத்துகளே பெயர். ஏ, பி இரண்டும் முன்னாளில் நெகிழ்வட்டுக்கு ஒதுக்கப்பட்டதால் முதன்மை வட்டு 'சி' ஆயிற்று. அங்கும் செருகும் வட்டின் எழுத்து மாறக்கூடும்.

ஆகவே எதையும் அழிக்குமுன் வட்டின் கொள்ளளவையும் தொடர் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அழிக்கக் கூடாத வட்டை முதலில் கழற்றி வையுங்கள். முக்கியமானவற்றுக்கு வேறிடத்தில் ஒரு படி எடுத்து வையுங்கள். ஐந்து நிமிடப் பொறுமை பல ஆண்டு நினைவுகளைக் காக்கும்.