ஒப்பம் வைக்குமுன் வாசிப்போம்

(கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில், கோயில் மண்டபத்தில் வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்புத் தொடங்கிய நாளில் எமது தொடர்பாடல் உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காணி துப்புரவாக்கும் வேலையையும் அடுப்படி வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அம்மா என்னை வழியில் மறித்து, சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த கடதாசி ஒன்றைத் தந்தார். "தங்கச்சி, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். அது கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் கடிதம். குழுக் கடன் எடுத்த பெண் ஒருவர் பணம் கட்டாமல் ஊரை விட்டுப் போய்விட்டார். பிணை நின்றவர்கள் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த அம்மா ஒரு சதமும் கடன் எடுக்கவில்லை. கூட்டம் ஒன்றில், வரவு இடாப்பு என்று நினைத்துப் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார். அது பிணைப் பத்திரம். முட்டை விற்ற காசில் கிழமைக்குக் கிழமை கட்டி வருகிறார். நான் வாசித்து முடித்ததும், "அண்டைக்கு ஆராவது இதை வாசிச்சுச் சொல்லியிருந்தா நான் விரல் வச்சிருப்பனே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

எழுத வாசிக்கத் தெரியாதது உங்களுடைய பிழை அல்ல. இங்கே இருக்கும் பலருடைய பெற்றோர் 1977, 1983 கலவரங்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். கூலி வேலைக்குப் போனால்தான் அன்றைக்குச் சோறு. வேறு சிலருக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதெல்லாம் இடப்பெயர்விலேயே கழிந்தது. தம்பி தங்கைகளைப் பார்க்க வீட்டில் மறிக்கப்பட்ட மூத்த பெண்பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். ஆனால் இலவசக் கல்வி இருந்தும், அது உங்கள் வாசல்வரை வந்து சேரவில்லை.

அது ஏன் இப்போது அவசரம்? ஏனென்றால் மீள்குடியேற்ற காலம் கடதாசிகளின் காலம். இந்திய வீட்டுத்திட்டத்தில் 2012இல் தொடங்கிய கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. வீட்டை நீங்கள்தான் நின்று கட்டுவிக்க வேண்டியிருந்தது. சீமெந்து எத்தனை பை, மணல் எத்தனை லோட், மேசனுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு என்பதை எழுதி வைக்காவிட்டால், கூரை போடுமுன் காசு முடிந்துவிடும். கணவரை இழந்த அல்லது கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கு இந்தச் சுமை முழுவதும் ஒரே தலையில்.

காணியும் அப்படித்தான். குடியேற்றத் திட்டக் காணிகள் பலவற்றுக்கு உறுதி அல்ல, அனுமதிப்பத்திரமே இருக்கிறது. நாங்கள் பெமிற் என்று சொல்வது அதைத்தான். அதில் பின்னுரித்தாளர் என்று யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது, அப்படி ஒரு பெயர் இருக்கிறதா என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக்கு அந்தக் காணியில் யார் இருப்பது என்பதை அந்த ஒரு வரி முடிவு செய்யலாம்.

ஆகவே இந்த வகுப்பில் பாலர் பாடப் புத்தகம் இல்லை. உங்கள் வீட்டுக் கடதாசிகள்தான் பாடம். முதலில் உங்கள் பெயர், ஊர், பிள்ளைகளின் பெயர். பிறகு இலக்கங்கள்: அடையாள அட்டை இலக்கம், வங்கிப் புத்தகத்தில் வரவு, செலவு, மீதி. அதன்பின் பற்றுச்சீட்டு, விண்ணப்பப் படிவம், மருந்துச் சீட்டு.

இந்த வகுப்புக் கோயில் மண்டபத்தில் நடக்கிறது. கரும்பலகையும் கொப்பிகளும் தேவாலயத்தின் உதவி. அதனால் சிலர் மெதுவாக என்னிடம் கேட்டார்கள், "வேதத்துக்கு மாறச் சொல்லுவினமோ?" என்று. நியாயமான கேள்வி. வெளிப்படையாகவே பதில் சொல்கிறேன்.

எங்கள் ஊர்களில் எழுத்து வழிபாட்டு இடங்களோடு சேர்ந்தே வளர்ந்தது. விஜயதசமியில் கோயிலில் அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்குகிறோம். முஸ்லிம் பிள்ளைகள் குர்ஆன் மதரசாவில் எழுத்துக் கூட்டுகிறார்கள். 1824இல் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார்கள். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவரவர் சமயத்தை வளர்க்கும் எண்ணமும் அந்த முயற்சிகளில் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் நிவாரண உதவிக்கு இன்று ஒரு விதி உண்டு. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவை, உதவியைச் சமயக் கொள்கையையோ அரசியல் கொள்கையையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. இனம், சமயம் பாராமல் தேவையைப் பார்த்தே கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே இந்த வகுப்புக்கு வர நீங்கள் திருநீறு பூசவும் வேண்டாம், செபம் சொல்லவும் வேண்டாம், முக்காட்டை எடுக்கவும் வேண்டாம். தறப்பாளோ அரிசியோ கொப்பியோ தருவதற்கு யாராவது உங்கள் சமயத்தை விலையாகக் கேட்டால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். கிராம அலுவலரிடமும் சொல்லுங்கள். உங்கள் நம்பிக்கை உங்களுடையது.

வாசிக்கப் பழகும்வரை மூன்று விஷயங்களை மனதில் வைத்திருங்கள்.

ஒன்று, வெற்றுக் கடதாசியிலோ நிரப்பாத படிவத்திலோ ஒப்பமோ விரலோ வைக்க வேண்டாம்.

இரண்டு, தமிழில் கேளுங்கள். 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். அரச அலுவலகத்தில் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை. தனியார் நிறுவனம் தமிழில் தராவிட்டால், "வாசிப்பிச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிக் கடதாசியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.

மூன்று, ஒப்பம் வைத்த கடதாசிக்கு எப்போதும் பிரதி ஒன்று வாங்குங்கள். அதனால் இலாபம் இல்லாத ஒருவரைக்கொண்டு வாசிப்பியுங்கள்.

இங்கே நிற்கும் அண்ணாமாருக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பு நாளில் பிள்ளைகளை ஒன்றரை மணித்தியாலம் பாருங்கள். "இந்த வயசில என்னத்துக்குப் படிப்பு?" என்று சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டுக் காசைக் காப்பாற்றும் படிப்பு இது. வாசிக்கத் தெரியாத அண்ணாமாரும் வரலாம், கதவு திறந்திருக்கும்.

இந்தக் கைநூலை வேறு கிராமங்களில் வாசிப்பவர்கள், உங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பெயர்களைத் திரட்டி, வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இடம் கோயிலாகவோ தேவாலயமாகவோ பொதுநோக்கு மண்டபமாகவோ இருக்கலாம். எல்லோரும் கூச்சமின்றி வரக்கூடிய இடமாக இருந்தால் போதும்.

முதலில் சொன்ன அம்மாவின் கடன் இன்னும் முடியவில்லை. அவருடைய ஊரில் ஆறு மாதத்துக்கு முன்பு வகுப்புத் தொடங்கினோம். போன மாதம் தவணை கட்டியபோது பற்றுச்சீட்டை அவரே வாசித்திருக்கிறார். கட்டியது 500 ரூபா, எழுதியிருந்தது 450. "தம்பி, இதை மாத்தி எழுதித் தாங்கோ" என்று அங்கேயே நின்று வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாராம்.

வகுப்புத் திங்கள், புதன், வெள்ளி பின்னேரம் மூன்றரை மணிக்கு. கொப்பியும் பென்சிலும் இங்கே தருவோம். நீங்கள் வரும்போது, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் கடதாசி ஒன்றைக் கொண்டு வாருங்கள். அதிலிருந்தே தொடங்குவோம்.