தாயத்தும் துப்பாக்கியும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக் கொண்ட விஷயம், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கினி-பிஸாவ் என்னும் சிறு நாட்டின் விடுதலைப் போர். அந்நாட்டின் மொத்த விஸ்தீரணமே சுமார் 36 ஆயிரம் சதுர கிலோ மீட்டர்தான். "அதற்கும் நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். 1961 டிசம்பர் வரையில் கோவாவை விடமாட்டேன் என்று பிடித்துக் கொண்டிருந்ததே போர்ச்சுகல், அதே போர்ச்சுகல்தான் அந்த நாட்டையும் ஆண்டு வந்தது. கோவாவுக்கு இந்திய ராணுவம் போயிற்று. இரண்டு நாளில் காரியம் முடிந்தது. கினி ஜனங்களுக்காக அப்படிப் படையெடுத்துப் போய் நாட்டையே மீட்டுக் கொடுக்க யார் இருந்தார்கள்? ஒருவரும் இல்லை. தாங்களே பதினோரு வருஷம் போராடித்தான் அவர்கள் விடுபட்டார்கள்.

அன்னியன் எந்த யோக்கியதையைக் கொண்டு அவர்களை ஆண்டான் தெரியுமா? 1455-ஆம் வருஷத்தில் ஐந்தாம் நிக்கோலஸ் என்ற போப்பாண்டவர் ஒரு சாசனம் எழுதிக் கொடுத்தார். கிறிஸ்தவரல்லாதாரின் நாட்டைப் பிடிக்கவும், அவர்களை நிரந்தர அடிமைகளாக்கவும் போர்ச்சுகல் ராஜாவுக்கு அதில் உரிமை வழங்கப்பட்டது. கடவுளின் பெயரால் கொடுத்த பட்டா! 1940-இல் போர்ச்சுகல் சர்க்கார் போப்பாண்டவரோடு மறுபடியும் ஒப்பந்தம் செய்து, சுதேசிகளின் படிப்பைப் பாதிரிமார்கள் கையில் ஒப்படைத்தது. அதன் பலன் என்ன? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் எழுத்தறியாதவர்களாகவே இருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். சுதேசி ஒருவன் பிரஜையாக வேண்டுமானால் போர்ச்சுகீசிய பாஷை பேசவேண்டும். வருமானம் காட்ட வேண்டும். நடை உடை பாவனையில் "நாகரிகம்" அடைந்திருக்க வேண்டும். இந்தச் சட்டம் 1961 வரை அமுலில் இருந்தது. 1950-இல் கணக்கெடுத்தபோது அப்படி "நாகரிகம்" அடைந்த சுதேசிகள் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான். பள்ளிக்கூடம் வைக்காதவனும் அவனே. படிக்கவில்லையாகையால் நீ மனிதனில்லை என்று சொன்னவனும் அவனே! இந்த நியாயத்தை என்னவென்று சொல்வது?

இந்த அக்கிரமத்தை எதிர்த்துக் கிளம்பியவர் அமில்கார் கப்ரால். 1924-இல் பிறந்தவர்; லிஸ்பனில் விவசாய சாஸ்திரம் படித்தவர். அந்தச் சர்க்காரே அவரை 1953-இல் கினியின் நிலங்களைக் கணக்கெடுக்க அனுப்பிற்று. அவர் ஊர் ஊராகத் திரிந்து மண்ணையும் பார்த்தார், மக்களையும் பார்த்தார். 1956-இல் சில தோழர்களோடு சேர்ந்து இரகசியமாக ஒரு கட்சி ஆரம்பித்தார். கினியும் கேப் வர்டித் தீவுகளும் விடுதலையடைய வேண்டும் என்பதே அதன் நோக்கம். முதலில் அவர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. 1959 ஆகஸ்ட் 3-ந் தேதி பிஸாவ் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீசார் சுட்டதில் சுமார் ஐம்பது பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான், மனுப்போடுவதால் பயனில்லை என்று கண்டு, கிராமம் கிராமமாக ஆள் சேர்த்து, 1963 ஜனவரியில் ஆயுதப் போரைத் தொடங்கினார்கள்.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்த சங்கதி. எதிரியிடம் ஆகாய விமானமும் நெருப்புக் குண்டும் இருந்தன. இவர்களிடம் துப்பாக்கி கொஞ்சம், தாயத்து அதிகம். மந்திரித்த தாயத்துக் கட்டினால் குண்டு பாயாது என்று போர்வீரர்கள் நம்பினார்கள். ஆவி குடியிருக்கிறதென்று சில காடுகளுக்குள் போகவே அஞ்சினார்கள். தளபதிகளில் சிலர் குட்டி ராஜாக்களாகி ஜனங்களை வதைத்தார்கள். சூனியக்காரர் என்று சொல்லி மனிதர்களைக் கொன்றதும் உண்டு.

கப்ரால் என்ன செய்தார்? 1964 பிப்ரவரியில், போர் நடந்து கொண்டிருக்கும்போதே, கஸாக்கா என்னுமிடத்தில் மாநாடு கூட்டினார். அக்கிரமம் செய்த தளபதிகளை விசாரித்துத் தண்டித்தார்கள். சண்டை போடுகிறவன் என்பதற்காக ஒருவன் ஜனங்களுக்கு எஜமானனாகி விட முடியாது என்று தீர்மானித்தார்கள். தாயத்துக் கட்டினவனைக் கப்ரால் பரிகாசம் செய்யவில்லை. உன்னைக் காப்பாற்றுவது பதுங்கு குழியும், ஒழுங்கும், நன்றாகப் போர் செய்வதுமே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஆவிக்குப் பயந்த காட்டையே கடைசியில் வீரர்கள் பாசறையாக்கிக் கொண்டார்கள். பயம் போனதும் ஆவியும் போயிற்று!

தோழர்களே, நம்மில் சிலர் மேடையேறித் தாயத்தைப் பரிகாசம் செய்து, கைத்தட்டல் வாங்கிக் கொண்டு இறங்கி விடுகிறோம். நானும் அப்படிச் செய்தவன்தான். அப்படிச் செய்ததால் எத்தனை பேர் தாயத்தை அறுத்தார்கள் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். பதில் சொல்ல வெட்கமாயிருக்கிறது.

பெண்கள் விஷயத்தைப் பாருங்கள். விடுவித்த ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேர் கொண்ட கமிட்டி வைத்தார்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாயிருக்க வேண்டும் என்பது விதி. கட்டாயக் கலியாணத்தை எதிர்த்தார்கள். பெண்களுக்கு அன்னியன் ஆட்சி ஒன்று, ஆணின் ஆட்சி ஒன்று, ஆக இரண்டு ஆட்சிகளை எதிர்த்துப் போர் என்று அந்த இயக்கத்தாரே பேசினார்கள். காட்டுக்குள் பள்ளிக்கூடம் நடந்தது, ஆஸ்பத்திரி நடந்தது. 1965-இல் கப்ரால் தம் ஊழியர்களுக்குக் கட்டளையிட்டதன் கருத்து இது: ஜனங்களிடம் பொய் சொல்லக் கூடாது, சுலபமான வெற்றி என்று பீற்றிக் கொள்ளவும் கூடாது.

1970 ஜூலை 1-ந் தேதி ஆறாம் பால் போப்பாண்டவர் கப்ராலுக்கும், அங்கோலா, மொஸாம்பிக் நாடுகளின் தலைவர்களுக்கும் பேட்டி கொடுத்தார். போர்ச்சுகல் சர்க்கார் ஆத்திரப்பட்டது. 1455-இல் பட்டா எழுதிக் கொடுத்த பீடம், 515 வருஷம் கழித்து, அடிமையென்று எழுதப்பட்டவனின் சந்ததிக்குக் கை கொடுத்தது! இது கடவுள் மனமிரங்கியதால் வந்ததா? ஜனங்கள் எழுந்து நின்றதால் வந்ததா?

1973 ஜனவரி 20-ந் தேதி கப்ரால் கொல்லப்பட்டார். சுட்டவன் அவருடைய இயக்கத்தைச் சேர்ந்தவனே. ஆயினும் இயக்கம் சாகவில்லை. அவ்வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தார்கள். இந்த ஆப்பிரிக்க யுத்தங்களில் சலித்துப் போன போர்ச்சுகல் ராணுவ உத்தியோகஸ்தர்களே 1974 ஏப்ரல் 25-இல் தங்கள் நாட்டுச் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். அடிமைப்பட்டவன் தன்னை விடுவித்துக் கொண்டதோடு, எஜமானனுடைய நாட்டாரையும் விடுவித்தான்! செப்டம்பரில் போர்ச்சுகல் கினியின் சுதந்திரத்தை ஒப்புக் கொண்டது.

இதோடு நிறுத்திக் கொண்டால் நானும் பொய் சொன்னவனாவேன். 1980-இல் கினியில் ராணுவத்தைக் கொண்டு ஆட்சியைக் கவிழ்த்தவர் அதே இயக்கத்தின் பேர்போன தளபதி. கேப் வர்டி அவர்களை விட்டுத் தன் வழியே போயிற்று. பின்னும் பல கவிழ்ப்புகள் நடந்தன. 1998-இல் உள்நாட்டு யுத்தமும் வந்தது. கஸாக்காவில் கண்டித்த குட்டி ராஜா, சுதந்திரம் வந்த பிறகு திரும்பி வந்து விட்டான்.

ஆகவே தோழர்களே, அன்னியனைத் துரத்துவதற்குப் பதினோரு வருஷம் போதும். நம் மனத்திலிருக்கும் பயத்தையும், நம்மவனுக்குள்ளிருக்கும் எஜமானனையும் துரத்துவதற்கு ஒரு போர் போதாது. அந்த வேலையை ஒவ்வொரு தலைமுறையும் செய்து கொண்டே இருக்க வேண்டும். நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக இதை நம்பாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக் கொள்ளுங்கள்.